தலைகீழாய் நட்ட போத்தல்கள்

பிள்ளை,

உனக்குச் சீதனமாக எழுத இருக்கும் காணியில் கிணறு வராது. முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதைப் பிறகு எழுதுகிறேன். அழுகின பழத்தைக் கூடையின் அடியில் போட்டு மேலே நல்ல பழத்தைப் பரப்பி விற்கிறவள் நானில்லை என்று சந்தையெல்லாம் சொல்லித் திரிகிறவள் உன் அம்மா. ஒரு தடவை அப்படிச் செய்தேன். அந்தக் கூடையைத்தான் இப்போது உன் கலியாணத்துக்குத் தூக்கித் தர இருந்தேன். தொலைபேசியில் சொன்னால் நீ இடையில் அழுவாய், நான் இடையில் சத்தம் போடுவேன், கடைசியில் இரண்டு பேரும் கூறைச்சேலையின் நிறத்தைப் பற்றிக் கதைத்துவிட்டு வைத்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமை நீ கொழும்பில் பஸ் ஏறுவதற்கு முன் இதை வாசித்து முடித்திருக்க வேண்டும்.

கிணறு என்றால் இந்தக் கரையில் என்ன பெறுமதி என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. இலுப்பைக்கடவைப் பக்கம் எங்கே தோண்டினாலும் முதலில் உப்புத்தான் வாய்க்கு வரும். அந்தக் காணிக் கிணற்றில் மட்டும் பங்குனி வெயிலிலும் இளநீர் மாதிரித் தண்ணீர். முருங்கனிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து காணிக்கு ஓம் சொன்னதே அந்தத் தண்ணீரைக் குடித்த பிறகுதான். ஆனால் அது நம்முடைய கிணறு அல்ல. பக்கத்துக் காணி பாக்கியம் பெரியம்மாவுடையது. அது எப்படி எங்கள் வேலிக்குள் வந்தது என்பதை ஊரில் அறிந்தவள் நான் ஒருத்திதான். அதைச் சொல்வதென்றால், நீயும் நானும் போத்தல் தேடித் திரிந்த காலத்துக்குப் போக வேண்டும்.

சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து பஸ்ஸில் ஏற்றி வந்து எங்களை ஊர் முகப்பில் இறக்கிவிட்ட அன்று உனக்குப் பதினொரு வயது. அப்பா இல்லாமல் இரண்டு பேராகத் திரும்பியிருந்தோம். வீடு இருந்த இடத்தில் ஒரு வேம்பு முளைத்து என் உயரத்துக்கு நின்றது. தந்த தறப்பாளைக் கூடாரமாகக் கட்டி அதற்குள் இருந்தோம். ஊரெல்லாம் பற்றையாகிப் போனாலும் விளாமரங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. பொறுக்க ஆளில்லாமல் பழம் விழுந்து விழுந்து மரத்தடி முழுக்கப் புளித்த வாசம். நீ ஒரு பழத்தைக் கல்லில் குத்தி உடைத்து, நிவாரணத்துக்குத் தந்த சீனியைப் போட்டுக் குழைத்து, சிரட்டையில் நீட்டினாய். "அம்மா, ஜாம்!" உனக்கு அது விளையாட்டு. எனக்கு நல்ல பசி. ஆனாலும் அது நாக்கில் பட்டதும் எனக்கு நினைவு வந்தது பசியல்ல, முருங்கன் சந்தி. நெல் விற்கவும் ஆஸ்பத்திரிக்கும் பஸ் மாறவும் வருகிற அத்தனை சனத்தில் ஒருவராவது இதை வாங்கமாட்டார்களா என்று அப்போதே யோசித்துவிட்டேன். என் புத்தி அப்படி. அதை நல்லதென்றும் சொல்லமாட்டேன், கெட்டதென்றும் சொல்லமாட்டேன். அதுதான் உன்னைப் படிப்பித்தது.

முதல் தடவை காய்ச்சியதைப் பொலித்தீன் பைகளில் கட்டிக்கொண்டு போனேன். சந்தியில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவை உனக்கு நினைவிருக்கும், உனக்கு எப்போதும் ஒரு இனிப்பு எடுத்து நீட்டுகிறவர். ஒரு பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தங்கச்சி, இது ஜாமா, குளத்துச் சேறா?"

"திண்டு பாருங்கோ நானா."

விரலால் தொட்டு நக்கினார். கண்ணை மூடினார். "வாயில வச்சா சொர்க்கம். கண்ணால பாத்தா சேறு. சனம் முதல்ல கண்ணாலதான் தின்னுது. போத்தல்ல போட்டுக் கொண்டு வாங்க, முன் தட்டில வைக்கிறேன்."

"போத்தலுக்கு நான் எங்கை போறது?"

"அது உங்கட பாடு. எனக்குத் தெரிஞ்சா நானே ஜாம் காய்ச்சியிருப்பேனே."

கொழும்பில் புதுப் போத்தல் விற்கிற ஓரிடத்துக்கு அவருடைய தொலைபேசியிலிருந்தே எடுத்தேன். எத்தனை வேண்டும் என்று ஒரு பொடியன் கேட்டான். ஐம்பது என்றேன். "ஐம்பதாயிரமா அன்ரி?" என்றான். "இல்லைத் தம்பி, வெறும் ஐம்பது." சிரித்துவிட்டு வைத்துவிட்டான். பிறகு விசாரித்ததில், பெருந்தொகையாக எடுத்தால்தான் தருவார்கள், லொறிக் கூலி வேறு, வழியில் உடைவது நம் தலையில் என்று தெரிந்தது. போத்தல் உள்ளே இருக்கும் ஜாமை விட விலையாக இருந்தது. வாங்குகிறவர் தின்னப் போவது ஜாமைத்தானே, போத்தலை அல்லவே. அன்று பஸ்ஸில் வரும்போது முடிவெடுத்தேன்: இனி இந்த மாவட்டத்தில் எவர் போத்தலைக் காலி செய்தாலும் அது என் கைக்கு வர வேண்டும்.

அந்தக் காலம் எனக்குக் கஷ்டமாக நினைவில்லை, பிள்ளை. நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. பின்கரியரில் இரண்டு பக்கமும் உரப்பை கட்டின சைக்கிளில், கலியாணம் நடந்த வீடு, பிள்ளைக்குச் சத்துமா கரைக்கிற வீடு, தேத்தண்ணிக் கடை, ஆஸ்பத்திரிக் குசினி என்று ஒன்றும் விடவில்லை. தோட்டவெளி வரைக்கும் பஸ்ஸில் போய் இரண்டு பை போத்தலோடு வந்திருக்கிறேன். சந்தோசமாகக் கொடுப்பார்கள், சிலர் எனக்குப் பைத்தியம் என்று நினைத்துக் கொடுப்பார்கள். இராணுவ முகாம் குசினிக்குப் போனது உனக்கு மறக்காது. அவர்கள் காலையில் பாணில் ஜாம் பூசித் தின்கிறவர்கள், குப்பைக் கிடங்கு முழுக்கக் கண்ணாடி மினுங்கியது. வாசலில் நின்ற பொடியனிடம் எனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல்லைச் சொன்னேன்: "போத்தல்." அவன் பெருவிரலை வாய்க்கு நேரே சரித்து, குடிக்கவா என்று கேட்டான். நான் இரண்டு கையையும் ஆட்டி இல்லையென்று காட்ட, நீ எனக்குப் பின்னாலிருந்து ஒரு வெறும் போத்தலைத் தூக்கித் தலைகீழாய்ப் பிடித்து, அதில் ஒன்றும் இல்லையென்று காட்டினாய். அவன் சிரித்த சிரிப்பில் துவக்குத் தோளிலிருந்து நழுவியது. உள்ளேயிருந்து சமையற்காரர் வந்தார். தேசிக்காய் ஊறுகாய் ஒரு போத்தல் கொடுத்தால் வெறும் போத்தல் இருபது தருவதாக விரலால் பேசி முடித்தோம். நான் அவரை ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். அவரும் என்னை அப்படித்தான் நினைத்திருப்பார். நல்ல வியாபாரம் என்றால் அப்படித்தான் இருக்கும்.

போத்தலை விட மூடிதான் பாடு. நீ இனி இந்தத் தொழிலைக் கையில் எடுப்பதென்றால் இதை மறக்காதே. கண்ணாடி எதையும் மறந்துவிடும், மூடி மறக்காது. அதன் உள்வட்டத்து ரப்பரில் போன பிறவி ஊறுகாய் வாசமும் இருக்கும். அதற்கு உன் மூக்கைத்தான் நம்பியிருந்தேன். பள்ளிக்கூடத்தால் வந்து சட்டையும் மாற்றாமல் குந்தி ஒவ்வொன்றாக மணப்பாய். "இது கருவாட்டுச் சம்பல். இது இருமல் மருந்து. அம்மா, இதுக்குள்ள ஆரோ தலைக்கு எண்ணெய் வைச்சிருந்திருக்கினம்!" விழுந்து விழுந்து சிரிப்போம். கடற்காற்றுக்கு மிச்ச மூடிகளும் துருப்பிடித்தன. பிறகு மூடியே இல்லாமல், ஜாமின் மேல் மெழுகை உருக்கி ஊற்றி, பொலித்தீனால் கட்டுகிற வழியைக் கண்டுபிடித்தோம். மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரிக் கட்டைகளைச் சேர்த்து வைத்துத் தருவார்கள். கிடாரத்தின் அடியில் வைக்கோல் பரப்பி, போத்தல் ஒன்றோடொன்று முட்டாமல் அவித்து, சூட்டோடு சூடாக ஜாமை ஊற்றுவோம். ஒரு போத்தல் டிக் என்று வெடித்தால் இரண்டு பேரும் ஒரு நேரத்தில் "ஐயோ" என்போம். இப்போது வேலைக்கு ஆறு பேர் இருக்கிறார்கள். போத்தல் வெடித்தால் ஒருவரும் ஐயோ என்பதில்லை.

இனி, உனக்குத் தெரியாத பகுதி.

அந்த வருஷம் தீபாவளிக்குப் பெரிய அளவில் கொண்டு வரச்சொல்லி நானா கேட்டிருந்தார். போத்தல் போதவில்லை. பழம் பொறுக்கப் பாக்கியம் அக்காவின் காணிக்குள் போனேன். அவர்கள் வள்ளமேறி இந்தியாவுக்குப் போய்ப் பல வருஷம். அடுத்த காணிச் செல்லத்துரை அண்ணை வவுனியாவில் மகள் வீட்டில். இரண்டு காணிக்கும் நடுவில் வேலியில்லை, எரிந்து போயிருந்தது. பற்றைக்குள் கால் வைத்தபோது மண்ணோடு மண்ணாக வட்டமாக ஒன்று தெரிந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. அந்த நாளில் மண்ணுக்குள் வட்டமாக எது தெரிந்தாலும் சனம் பத்தடி தள்ளித்தான் நிற்கும். மிதிவெடி எடுத்து முடித்த காணிதான் என்றாலும் பயம் போகாது. அதனால்தான் அவற்றை எவரும் தொடாமல் இருந்திருக்கிறார்கள். நானும் காலைப் பின்னுக்கு எடுத்தேன். ஆனால் வெயில் பட்ட இடத்தில் அது பச்சையாக மினுங்கியது. மினுங்கினால் கண்ணாடி. போத்தலின் அடிப்பக்கம். கழுத்து மண்ணுக்குள், அடி மேலே.

பிடுங்கிப் பார்த்தேன். தடித்த கண்ணாடி, அகன்ற வாய், ஒரு கீறல் இல்லை. அப்படிப்பட்ட போத்தலை நான் அதற்கு முன் கண்டதில்லை. மூன்று நாள், நீ பள்ளிக்கூடம் போன பிறகு போய்க் குந்தியிருந்து ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தேன். நாற்பத்தேழு. வேலிச் சண்டைக்குப் பேர்போன ஊரில் பிறந்தவள் நான். ஒவ்வொரு வருஷமும் கதியால் தடிகளை மாற்றி நடும்போது வேலி ஒரு சாண் நடந்துவிடும், அதற்காக மனிதர் கத்தியைத் தூக்குவார்கள். ஒரு கோட்டில் பிசகாமல் போத்தல் நட்டிருந்தால் அது வேலி நடக்காமல் இருக்க நட்டது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டுதான் பிடுங்கினேன். ஆட்கள் இனி எங்கே வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். நீ கழுவும்போது, "இது நல்ல போத்தல் அம்மா, ஒரு மணமும் இல்லை, எங்கை வாங்கினீங்கள்?" என்று கேட்டாய். முருங்கனில் என்றேன். உனக்கு நான் சொன்ன முதல் பொய் அதுவாக இருக்காது. ஆனால் நீளமாக வளர்ந்த பொய் அதுதான்.

நாற்பத்தேழும் தீபாவளிக்கு முதல்நாளே விற்றுவிட்டன. அதில் வந்த காசில்தான் பெரிய கிடாரம் வாங்கினேன். அதற்குப் பிறகு நான் திரும்பிப் பார்க்கவில்லை.

செல்லத்துரை அண்ணை வந்து, நிவாரணமாகக் கிடைத்த முள்ளுக்கம்பியால் வேலி அடைத்தார். கிணறு அவருடைய பக்கம் வந்தது. அவரைக் கள்ளனென்று நான் சொல்லமாட்டேன். முன்பு இரண்டு வீடும் அள்ளிக் குடித்த கிணறு அது. அந்த இடத்தில் வேலி எப்போதும் திறந்தே கிடந்ததால், யாருடைய பக்கம் என்று ஊருக்கும் தெரியாது. கோடு தெரிந்தவர் பாக்கியம் அக்காவின் புருசன். நில அளவையாளரைக் கூப்பிட்டு அளப்பித்துப் போத்தல் நட்டவர் அவர்தான். அவர் இந்தியாவிலேயே செத்துப்போனார். காணி உறுதிப் பத்திரமும் வரைபடமும் வள்ளத்தில் நனைந்து கூழாகிவிட்டன. அக்கா தனி மனுசியாகத் திரும்பி வந்து, தன் கிணறு முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கக் கண்டார்.

கிராம அதிகாரி விதானையார் விசாரிக்க வந்தார், ஊர் கூடியது. நானும் பின்னுக்கு நின்றேன்.

"அவர் போத்தல் நட்டவர். கிணத்துக்கு அங்காலை நட்டவர். ஒருத்தரும் காணேல்லையோ?" என்று அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"நட்டவர்தான், நான் இல்லையெண்டு சொன்னனானோ?" என்றார் செல்லத்துரை அண்ணை. "எங்கை எண்டு காட்டு. ஒரு போத்தலின்ரை அடியைக் காட்டு, இண்டைக்கே வேலியைப் பிடுங்கிறன்."

மண்வெட்டி கொண்டுவந்து மத்தியானம் வரை தோண்டினார்கள். ஒன்றுமில்லை. "என்ன பாக்கியம், கண்ணாடி உக்கிப் போச்சோ?" என்றார் அவர். சனம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை என்று இப்போது சொன்னால் அதனால் என்ன? வாயைத் திறக்கவும் இல்லை. திறந்திருந்தால் ஆளில்லாத காணியில் களவெடுத்தவள் என்ற பேர் வந்திருக்கும். அந்தப் பேரோடு எந்தக் கடைத் தட்டில் ஜாம் வைப்பது? பயமும் இருந்தது, இலாபக் கணக்கும் இருந்தது. வேலி இருக்கிறபடி இருக்கட்டும், அக்கா தண்ணீர் அள்ளலாம் என்று விதானையார் சொல்லிவிட்டுப் போனார். "என்ரை கிணத்திலை இன்னொருத்தரிட்டைக் கேட்டு அள்ளுறதோ?" என்று அக்கா அந்தப் பக்கமே போகவில்லை. கோயிலடிப் பொதுக்கிணற்றிலிருந்து சைக்கிளில் தண்ணீர்க் கான் கட்டி உருட்டிக்கொண்டு வருவார். எட்டு வருஷம், பிள்ளை. ஒவ்வொரு நாளும் எங்கள் படலையைத் தாண்டித்தான் போவார்.

அவரை நான் வேலைக்கு எடுத்ததை நீ இரக்கம் என்று நினைத்திருப்பாய். பாதி இரக்கம்தான். போத்தல் கழுவ இரண்டு வருஷம் வந்தார். உனக்குத் தலை பின்னிவிட்டதும், சாதாரண தரப் பரீட்சைக்கு நீ போனபோது நெற்றியில் திருநீறு பூசிவிட்டதும் அவர்தான். வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டுவந்தால் அடுத்ததில் விலை குறைப்போம் என்று அப்போது சொல்லியிருந்தோம். ஒரு நாள் அப்படித் திரும்பி வந்த மூட்டைக்குள் அந்தப் பச்சைப் போத்தல் ஒன்று. அக்கா அதைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடியில் ஒரு நட்சத்திரம் பதிந்திருந்தது.

"பிள்ளை, இதைப் பாரன். அவர் நட்ட போத்தலிலையும் இப்பிடி நட்சத்திரம் இருந்தது. நான் அதுகளின்ரை அடியைத்தானே கண்டனான். முற்றம் கூட்டேக்கை ஒவ்வொரு நாளும் காண்பன்."

"உலகத்திலை ஒரு போத்தலோ அக்கா? கொம்பனி லட்சக்கணக்கிலை செய்யும்."

"ஓம், அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுக் கழுவி வைத்தார். நான் பிடுங்கியதை விட அன்று சொன்ன அந்தச் சொல்தான் பெரிய களவு. பிடுங்கும்போது அக்கா எங்கோ இந்தியாவில் இருந்தார். இதை அவருடைய முகத்துக்கு நேரே சொன்னேன்.

செல்லத்துரை அண்ணை கனடாவிலிருக்கும் மகனிடம் போக, காணியை நான் வாங்கினேன். கிணறு சேர்த்துத்தான் விலை பேசினேன், தெரிந்துகொண்டே. கிணறு என் கைக்கு வந்தால் அக்கா தாராளமாக அள்ளட்டும், கணக்குச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போய்ச் சொன்னேன், "இனி இது உங்கடை கிணறு மாதிரி அக்கா" என்று. "சந்தோசம் பிள்ளை" என்றார். தன் கிணற்றில் இன்னொருத்தரின் தயவில் அள்ளுவது என்று செல்லத்துரை அண்ணையிடம் அவர் செய்யாத வேலையைத்தான் என்னிடம் செய்யச் சொல்கிறேன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. வயது போனதால் சைக்கிள் உருட்ட ஏலாமல், அந்த வருஷம் முதல் தடவையாக அந்தக் கிணற்றடிக்கு வந்தார்.

இனிப் போன கிழமை நடந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் காணி பார்க்க வந்தார். வாளியிலிருந்து கையால் ஏந்திக் குடித்துவிட்டு, "முருங்கனிலை கூட இப்பிடித் தண்ணி இல்லை" என்றார். நல்ல மனிதர், ஆனால் கவனமான மனிதர். என்னிடம் கேட்க வேண்டியதைப் பக்கத்துக் காணிக்காரியிடம் கேட்டார்.

"அக்கா, நீங்கள் அயல். பிறகு கதை வரக்கூடாது. இந்தக் காணியிலை ஏதும் வில்லங்கம் இருக்கோ?"

பாக்கியம் அக்கா கிணற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒரு வில்லங்கமும் இல்லை. நல்ல காணி. அதை விட நல்ல பிள்ளை. நான் தலை பின்னி வளர்த்த பிள்ளை" என்றார். உனக்காகத் தன் கிணற்றைத் தன் வாயாலேயே விட்டுக்கொடுத்தார். அவர்கள் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் காலை போனேன். முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தப் போத்தலுகளைப் பிடுங்கினது நான்தான்."

சுளகு நின்றது. "எந்தப் போத்தல்?"

"உங்கடை அவர் நட்டது. நாப்பத்தேழு."

"எண்ணி வேறை வைச்சிருக்கிறாய்."

"ஓம்."

"என்ன செய்தனீ?"

"ஜாம் போட்டு வித்தனான்."

"அண்டைக்குத் தோண்டேக்கை நிண்டனீ."

"ஓம்."

"போத்தல் கழுவேக்கை உன்னட்டைக் கேட்டனான்."

"ஓம் அக்கா."

அவர் சுளகைக் கீழே வைத்து, சிந்தின அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். நான் குனிந்து உதவப் போனேன், கையைத் தட்டிவிட்டார். "அந்த மனிசன் வெயிலிலை நிண்டு நடேக்கை நான்தான் ஏசினனான். ஆர் வந்து உன்ரை காணியைத் தூக்கிக்கொண்டு போகப்போறான் எண்டு சிரிச்சனான். இந்தியாவிலை சாகேக்கையும், போத்தல் இருக்கு, நீ பயப்பிடாதை எண்டவர்." பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எழும்பிப் போ. நாளைக்கு வா. இண்டைக்கு நீ இதிலை நிண்டா நான் ஏதும் சொல்லிப்போடுவன். பிள்ளைக்குக் கலியாணம் வருது. என்ரை வாயாலை ஒண்டும் வரக்கூடாது."

நான் அழுவது குறைவு என்று உனக்குத் தெரியும். வெளியே வந்து ஒழுங்கையில் நின்று அழுதேன்.

மறுநாள் போனபோது கயிறும் கட்டைகளும் எடுத்து வைத்திருந்தார். ஒரே ஒரு சொல் சொன்னார்: "காட்டு." அந்த எல்லைக்கு உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே சாட்சி அதைப் பிடுங்கினவள்தான். மூன்று காலை குந்தியிருந்து தோண்டினவளுக்கு இடம் மறக்காது. ஒழுங்கைக்கரைப் பனையடியில் தொடங்கி, ஒன்றரைச் சாணுக்கு ஒன்றாக, குதிக்காலை ஊன்றி ஊன்றிக் காட்டினேன். அக்கா பின்னால் கட்டை அடித்துக்கொண்டு வந்தார். கயிறு கிணற்றுக்கு ஐந்தடி அங்கால், நம்முடைய பக்கத்தால் போனது. முடிந்ததும் கயிற்றைச் சுண்டிப் பார்த்து, "நேராய்த்தான் நட்டிருக்கிறார்" என்றார். என்னிடமல்ல.

வியாழக்கிழமை நில அளவையாளர் வருகிறார். முதலில் கோட்டைத் திருத்தி எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைப்போம். அதற்குப் பிறகு மிச்சக் காணிதான் உன் பேருக்கு. உறுதி எழுதுகிற நொத்தாரிசுக்குச் சொல்லியாயிற்று. இதில் உன்னிடம் நான் விருப்பம் கேட்கவில்லை. கேட்டால் நீ ஓம் என்பாய், பிறகு அந்தப் பாரம் உன்னுடையதாகிவிடும். இது என்னுடையது.

உன்னிடம் விடுவது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை நான் முருங்கனுக்குப் போய் மாப்பிள்ளை வீட்டில் இதைச் சொல்லப் போகிறேன். கிணறில்லை என்பதை மட்டுமல்ல, ஏன் இல்லை என்பதையும். அவர்கள் கோபிக்கலாம். வேறு ஏதும் கேட்கலாம். வேண்டாம் என்றும் சொல்லலாம். என்னால் உனக்கு அப்படி ஒரு நாள் வந்தால் நீ என்னை ஏசலாம், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். என்னோடு வருவதென்றால் வா. வராவிட்டாலும் குறை நினைக்கமாட்டேன். ஆனால் அந்தப் பொடியனுக்கு நீயே முதலில் சொல்லிவிடு. பெரியவர்கள் வாயால் அவன் அறியக் கூடாது. அவன் என்ன சொல்கிறான் என்பதை விட, கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறான் என்று கவனி. உடனே பரவாயில்லை என்கிறவன் விளங்காமல் சொல்கிறான்.

நான் வியாபாரிதானே, கேட்காமல் இருப்பேனா? கிணற்றை விலைக்குக் கேட்டுப் பார்த்தேன். கேட்கிற விலைக்கு மேலும் தருவதாகச் சொன்னேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "விக்கமாட்டன். பிள்ளை வந்து அள்ளட்டும், எவ்வளவும் அள்ளட்டும். கேட்டுட்டு அள்ளோணும்."

எல்லாம் சரியாகி நீ அந்தக் காணியில் குடியிருந்தால், தண்ணீருக்குப் போகும்போது வேலிக்கு உன் பக்கமே நில். "பெரியம்மா, அள்ளட்டோ?" என்று கேள். மெல்லமாய்க் கேட்டுவிட்டு வாளியை இறக்கிவிடாதே, இப்போது அவருக்கு இடது காது மந்தம். சத்தமாகக் கேள், ஓம் என்ற சொல் வரும்வரை நில்.

அம்மா